கோபுரத்தின் மேல் உட்கார்ந்த மலை

என் இரும்புப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரத்துக்கும் பழைய துறைமுகப் பாஸுக்கும் நடுவே ஒரு சிவப்புச் சேலைத் துண்டு மடித்து வைத்திருக்கிறேன். ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. ஒரு பக்கம் மஞ்சள் கரை. மறுபக்கம் பல்லால் கடித்துக் கிழித்ததால் நூல் நூலாகத் தொங்கும். ராயபுரத்தில் கடலோரத்து வீடுகளில் புழங்கிய எந்தத் துணியை எடுத்தாலும் கையில் கொஞ்சம் பிசுபிசுக்கும். கடலுக்கே போய்வந்த துணியென்றால் காய்ந்தபின் உப்பேறி அப்பளம்போல் விறைத்துக்கொள்ளும். இந்தத் துண்டு விறைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அது கடலுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அதனால் மறுநாள் காலையில் தெருவே கூடி நிற்க என் மானம் கப்பலேறியது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

துண்டுக்குச் சொந்தக்காரர் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற குமாஸ்தாவாக இருந்தேன். தாய் தகப்பன் இல்லாதவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வருகிறவன், கோயில் பாட்டுக் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவன் என்ற மூன்று தகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பங்குச் சாமியார் எனக்குப் பெண் பார்த்தார். பெண் வீட்டார் பரம்பரையாகக் கட்டுமரக்காரர்கள். மாமனாரை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அத்தை காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்டையார்பேட்டை வரைக்கும் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவார். முப்பது வருஷமாக அதே நடை. அவர் குரல் எடுத்தால் குட்ஸ் வண்டிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க ஊர்ல மலை கீதா மாப்ள?" வேலையைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊர் சிவப்பு மணல் தேரிக்காடு. பனைமரத்தைவிட உயரமான எதையும் நான் அங்கே பார்த்ததில்லை. ஆனால் உள்ளே கதவிடுக்கில் பெண்ணின் கண் ஒன்று தெரிந்தது. "இல்லாமலா? எங்க வீட்டுப் பின்கதவைத் திறந்தாலே மலைதான். ஓடி ஏறி ஓடி இறங்குவேன்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில் நான் எப்போதுமே கொஞ்சம் தாராளம். யாரையும் கெடுக்கிற பொய்யெல்லாம் வராது. எதிரே இருப்பவர் முகம் வாடக் கூடாதென்று வாய் தானாக முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். அத்தையின் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப் பார்த்தபோது சொன்னது சரி என்றே பட்டது. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் நான் மாட்டிக்கொண்டது எனக்குப் புரிந்தது.

கட்டுமரம் கடலில் தூரம் போகப் போகக் கரையில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். முதலில் வீடுகள் மறையும், பிறகு துறைமுகத்துக் கிரேன்கள். கடைசி வரைக்கும் தெரிவது எங்கள் கோயிலின் கோபுரம். அதற்கும் பின்னால், வடமேற்கில், நீலமாக ஒரு மலை நிற்கும். தடாவுக்கு மேற்கே இருக்கிற கம்பாக்கம் மலை. அதன் உச்சியில் மாட்டின் திமில் மாதிரி ஒரு மேடு உண்டு. திரும்பி வருகிறவர்கள் அந்தத் திமில் கோபுரத்தின் தலைமேல் வந்து உட்கார்ந்த மாதிரித் தெரிகிற வரைக்கும் மரத்தை இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள். உட்கார்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நேரே துடுப்பு வலிக்கலாம். மரம் சொந்தத் தெருக் கரையில் வந்து தட்டும். மாமனார் கரையேறியதும் அத்தையிடம் சொல்லும் முதல் பேச்சு ஒன்று உண்டாம். "மலை தெரிஞ்சிது, உன் மூஞ்சும் தெரிஞ்சிது." கடலை விட்டபிறகு உன்னை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். கால்வாயில் விறகுப் படகு கொண்டுவருகிற தெலுங்குக்காரர் ஒருவர், அங்கே கோடையிலும் கல்லுக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லி ஆசையை வளர்த்துவிட்டிருந்தார். மாமனார் கடலை விடவுமில்லை, மலைக்குப் போகவுமில்லை.

"அத்தினி வருசம் அவரை வூட்டுக்கு இட்டாந்த மலை மாப்ள அது. ஒரு வாட்டி அது மேல நின்னு இந்தப் பக்கம் பாத்துட்டேன்னா எனக்குப் போதும்" என்றார் அத்தை. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். "யம்மா, உனக்குக் கோயில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. மலை ஏறப் போறியா? ஊரே சிரிக்கும்." அத்தை குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "சிரிக்கட்டும். ஏறாம வந்தேன்னா அப்பால சிரிங்க. மலைக்கார மாப்ள கீறாரு எனக்கு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலைக்கார முகமாக வைத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்குப் பரங்கிமலையைத் தேர்ந்தெடுத்தேன். மின்சார ரயில், கட்டிய படிக்கட்டு, உச்சியில் கோயில். இதற்குமேல் வசதியான மலை கிடையாது. அப்படியும் பாதிப் படியில் அத்தை தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். காலில் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. "கழுத்து எங்க போவுதுன்னே தெரியல மாப்ள. கிறுகிறுங்குது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட வந்த என் மனைவிதான் கண்டுபிடித்தாள். முப்பது வருஷமாகத் தலையில் பாரமில்லாமல் அவர் அவ்வளவு தூரம் நடந்ததே கிடையாது. வெறுந்தலையோடு மேட்டில் ஏறச் சொன்னால் உடம்பு எதை நம்பி நிமிரும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சும்மாடு சுற்றி, கூடையைத் தலையில் ஏற்றி, அதில் சோற்றுத் தூக்கும் தண்ணீர்ச் செம்பும் வைத்து, எடை பத்தவில்லை என்று இரண்டு செங்கல்லும் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஏறினார் பாருங்கள்! கையை வீசிக்கொண்டு, ஒரு தடவைகூட நிற்காமல், பேசிக்கொண்டே போனார். நான்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். உச்சியில் பூசை முடிந்து வந்த ஆங்கிலோ-இந்திய அம்மாள் ஒருவர் ஆவலாக "மீன் என்ன இருக்கு?" என்று கூடைக்குள் எட்டிப் பார்த்து, செங்கல்லைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கிளம்பிவிடுவோம். பல்லாவரத்துக் கல்லுடைக்கும் இடத்துக்குப் பின்னால் ஆடுகள் போட்ட பாதைகள் இருந்தன. எந்தப் பாதை எங்கே போகும் என்று ஆட்டுக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். நான் மூர் மார்க்கெட்டில் பட்டாளத்து பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். எந்தச் சிப்பாயின் காலுக்குத் தைத்ததோ, முன்னால் காகிதம் அடைத்தால்தான் நடக்க முடிந்தது. அத்தை கடைசி வரை வெறுங்கால்தான். தெரியாத பாதையைக் கண்டால் அவருக்கு ஒரு பரபரப்பு. "இது எங்க போவுது பாக்கலாமா மாப்ள?" என்று கேட்கும்போதே பாதி தூரம் போயிருப்பார். ஆறு மாதத்தில் நானும் ஒரு மாதிரி மலைக்காரன் ஆகிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தபட்சம் பழைய பொய்க்கு ஒரு ஒட்டுப் போட முடிந்தது.

தை பிறந்து வானம் வெளுத்ததும் நாள் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டுவிட்டு ரயில் ஏறுவது, விறகுக்காரர் வீட்டில் தங்குவது, திங்கட்கிழமை ஏறுவது. ஞாயிறு எங்கள் தெருவில் கட்டுமரம் இறங்காது; திங்கள் இறங்கும். அங்கேதான் தெருவுக்கு அந்த யோசனை வந்தது. யார் வாயிலிருந்து முதலில் வந்ததென்று தெரியாது. "கடல்லேருந்து மலை தெரியுதுல்ல? அப்ப மலையிலேருந்து நாமளும் தெரிவோம்ல?" இதை மறுக்க அங்கே ஓர் ஆளில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அது தங்களைப் பார்க்காமலா இருக்கும் என்று நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அத்தை பெட்டியைத் திறந்து, மாமனார் போனபிறகு கட்டாமல் வைத்திருந்த சிவப்புச் சேலையை எடுத்து, முந்தானையைப் பல்லால் கடித்து ஐந்து துண்டாகக் கிழித்தார். மச்சானையும் கூட்டாளிகளையும் சேர்த்து ஐந்து கட்டுமரங்கள். "சரியா உச்சி வெயிலுக்கு, திமிலு கோபுரத்து மேல குந்தற எடத்துல நின்னுக்கினு, பாய்மரத்து நுனியில கட்டணும். நான் மேலேருந்து பாப்பேன். எவனாவது ஏமாத்துனீங்க, வந்து தோலை உரிச்சிடுவேன்" என்றார்.

எனக்கு மட்டும் கணக்கு இடித்தது. துறைமுகத்தில் தினமும் பார்க்கிறவன் நான். அத்தனை பெரிய ரங்கூன் கப்பல் புறப்பட்டுப் போனால், கொஞ்ச நேரத்தில் ஒரு கீற்றுப் புகையைத் தவிர மிச்சம் ஏதும் இருக்காது. மலை பெரியது, அதனால் தெரிகிறது. நாற்பது மைலுக்கு அப்பால் ஒரு முழத் துணி எப்படித் தெரியும்? சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் வாயைத் திறந்தேன். மூன்று நாளும் மூடிக்கொண்டேன். மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "வாயத் தொறக்காதீங்க. அம்மா சேலையைக் கிழிச்சிட்டாங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உடுத்த முடியாமலும் கொடுக்க மனமில்லாமலும் பெட்டியில் கிடந்த சேலை அது. அதைக் கிழித்த பிறகு என்ன சொல்வது?

கொருக்குப்பேட்டையில் நானும் அத்தையும் பாசஞ்சர் ஏறினோம். எண்ணூர்க் கழியும் உப்பளங்களும் சவுக்குத் தோப்புகளும் போனபின், ஜன்னலில் மலை மெல்ல மெல்லப் பச்சையாக மாறியது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "நீலமா இல்ல இருக்கணும்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். தடாவில் விறகுக்காரர் மாட்டுவண்டியோடு காத்திருந்தார். அத்தையின் தலையில் கூடையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "சேப்பலா அம்மா?" என்றார், மீனா என்று. மீன்தான் அவருக்கு எங்கள் ஊர். அத்தை கூடையிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களுக்காக மலையைப் பெயர்த்துக் கொண்டுவரச் சொன்னாலும் செய்திருப்பார்.

மறுநாள் விடிந்ததும் ஏறினோம். முதலில் மணல் நிறைந்த ஓடைப் படுகை, பிறகு மூங்கில், பிறகு முள், பிறகு வெறும் பாறை. என் பூட்ஸில் அடைத்த காகிதம் வேர்வையில் ஊறி மாவாகிவிட்டது. விறகுக்காரர் முன்னால், கூடையோடு அத்தை நடுவில், நொண்டிக்கொண்டு நான் கடைசியில். வெயில் ஏறுவதற்குள் ஒரு மொட்டைப் பாறைக்கு வந்து சேர்ந்தோம். கிழக்கே பழவேற்காட்டு ஏரி மின்னியது; அதற்கும் அப்பால் மங்கலாக ஒரு கோடு, அதுதான் கடல் என்றார் விறகுக்காரர். எனக்கு உயிர் வந்தது. முடிந்துவிட்டது, இறங்கலாம் என்று பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தேன். அத்தை கடலைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றார். "திமிலு எங்க மாப்ள?" என்றார்.

கடலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரே மலை. பக்கத்தில் வந்தால் அது இரண்டு. நாங்கள் நின்றது முன்மலை. திமில் இருந்தது பின்மலையில். இரண்டுக்கும் நடுவே கோடாலியால் வெட்டிய மாதிரி ஒரு பிளவு, அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். ஒரு தெருவே தினமும் பார்த்துக்கொண்டிருந்த மலைக்கு நடுவில் இப்படியொரு பள்ளம் இருப்பது இத்தனை காலமும் ஒருவருக்கும் தெரியவில்லை. விறகுக்காரர் தலையை ஆட்டினார். தேன் எடுக்கிறவர்கள் மட்டும்தான் அங்கே போவார்கள், வழி ஓடைக்குள் இறங்கி ஏறுகிறது என்றார். "இது போதாதா அத்தை? இங்கேருந்தே கடல் தெரியுதே" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அத்தை என் கால் கொப்புளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க குந்தியிருங்க மாப்ள. இது யார் மலையோ. அவரு பாத்தது அதோ அது" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைச் சரிசெய்தார். பெண் கொடுத்தவர் கூடையோடு பள்ளத்தில் இறங்கும்போது மலைக்கார மாப்பிள்ளை பாறையில் உட்கார்ந்திருக்க முடியுமா? பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நானும் இறங்கினேன்.

இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், கையை நீட்டினால் இரண்டையும் தொட்டுவிடலாம்போல. கால்முட்டி அளவுக்குத் தண்ணீர், பல் கூசும் குளிர்ச்சி. அங்கே அத்தை நின்றுவிட்டார். பாறை ஏற்றத்தில் ஒரு முறைகூட நிற்காதவர், தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர், அங்கே நடுங்கினார். நான் தண்ணீருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "வானம் ஒரு முழம்தான் கீது மாப்ள" என்றார் ரகசியம் மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்த நாளிலிருந்து ஒரு பக்கமாவது திறந்திருக்கிற இடத்தில் வாழ்ந்தவர். நாலு பக்கமும் கல் மூடிய இடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. எங்கள் பக்கத்திலும் சரி, அவர்கள் பக்கத்திலும் சரி, மாமியாரின் கையை மருமகன் தொடுகிற வழக்கம் இல்லை. நான் கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். மீன் செதில் உரித்துக் காய்த்துப்போன கை. ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்தப் பள்ளம் முழுவதும் என் கையை விடவில்லை. விறகுக்காரரும் புரியாமலே கடைசியில் 'ஆமென்' சொல்லிக்கொண்டு வந்தார்.

திமிலின் மேல் நாங்கள் ஏறி நின்றபோது வெயில் உச்சியில் இருந்தது. அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு தென்கிழக்கே பார்த்தார். பச்சை, ஏரி, மணல் கீற்று, பிறகு வானமும் கடலும் எங்கே சேர்கின்றன என்று பிரிக்க முடியாத ஒரு வெளிறிய நீலம். கோபுரம் இல்லை, துறைமுகம் இல்லை, சிவப்பு என்ற நிறமே அந்தப் பக்கத்தில் இல்லை. அவர் உதடு லேசாக அசைந்தது. தேடுகிறார். தூரத்துப் பாயைப் பார்த்தே யார் மரம் என்று சொல்கிற கண் அது. ரொம்ப நேரம் தேடினார். அந்த முகத்தில் மெதுவாக ஏதோ இறங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "உங்க கண்ணுக்கு எதுனா தெரியுதா மாப்ள?" என்று திரும்பாமலே கேட்டார். வேர்வையில் என் மூக்குக்கண்ணாடி பனி பிடித்த ஜன்னல்போல் இருந்தது. எனக்கு அந்த ஏரியே சரியாகத் தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொந்த ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. "அன்னா தெரியுதுல்லா அத்தை! செவப்பா!" என்று கையை நீட்டினேன். அவர் என் விரல் போன திசையில் பார்த்தார். "எத்தினி?" "அஞ்சு." "அஞ்சும் கீதா?" "அஞ்சும்." அவர் நெற்றிக் கையை இறக்கினார். "ஆமா மாப்ள. கீது" என்றார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து சோற்றைப் பிரித்தார். கருவாட்டுத் தொக்கோடு அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டை வேறெந்தச் சாப்பாட்டோடும் ஒப்பிட மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தெருவுக்குள் நுழைந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் நொண்டிய நொண்டலே எங்களுக்கு அத்தாட்சி. கூட்டம் சேர்ந்தது. மச்சான் எதிரே வந்ததும் நான் அவர் தோளில் தட்டினேன். "அஞ்சு துணியும் பாத்தாச்சு மச்சான்! ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு, பளிச்சுன்னு!" மச்சான் தலையைச் சொறிந்தார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். "மாப்ள... இன்னா சொல்றதுன்னே தெரியல. நேத்து நாங்க அந்தப் பக்கமே போவல" என்றார். திங்கட்கிழமை விடியும்போதே எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் காணாங்கெளுத்தி மீன் கூட்டமாக இறங்கியிருக்கிறது என்று சேதி வந்திருக்கிறது. ஐந்து மரமும் விழுந்தடித்துக்கொண்டு வடக்கே ஓடியிருக்கின்றன. துணி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான், தெரு வெடித்தது. "மாப்ளைக்குக் கண்ணாடி மாத்துங்கப்பா!" என்று ஒரு குரல். "இல்ல நைனா, மலைக்காரரு கண்ணு அது!" என்று இன்னொரு குரல். நான் நின்ற இடத்திலேயே மணலுக்குள் புதைந்துவிட மாட்டேனா என்றிருந்தது.

மச்சான் ஐந்து துண்டுகளையும் மடித்து அம்மாவிடம் நீட்டினார். அத்தை ஒன்றை விரலில் நெருடி, மூக்கருகில் கொண்டுபோனார். "உப்பே ஏறல" என்றார். சிரிப்பு நின்றது. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னாடா சிரிப்பு? மாப்ள பாத்தாரு. நானும் பாத்தேன். அஞ்சு இருந்துச்சு. நீங்க போவலன்னா அது உங்க தப்பு, மலை மேல நின்னவங்களையா வந்து கேக்கறது?" அம்மா தோலை உரிக்கப் போகிறார் என்று மச்சான் ஒரு அடி பின்னால் போனார். அத்தை அதற்குள் கூடையை இறக்கியிருந்தார். "போனதும் சரிதான். காணாங்கெளுத்தி வந்தா எவன்டா துணி கட்டிக்கினு நிப்பான்? நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். எங்க மீனு?" என்று கரைப்பக்கம் நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் காணாங்கெளுத்தியைப் பிளந்து உப்புத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கட்டுமரத்தின் மேல் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அத்தை, மலைமேல எனக்கு ஒண்ணுமே தெரியல. சும்மா சொன்னேன். எங்க ஊர்ல மலையும் கிடையாது" என்றேன், இரண்டையும் சேர்த்தே இறக்கி வைத்துவிடலாம் என்று. அவர் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும் மாப்ள. உங்க கண்ணாடியில ஆவி பூத்துக்கினு இருந்துச்சு. மலை இல்லாதது பரங்கிமலைப் படியிலயே தெரிஞ்சிப் போச்சு." "பின்னே ஏன் அங்க ஆமான்னு சொன்னீங்க?" என்றேன்.

அவர் மீனைக் கீழே வைத்தார். "ஐப்பசி கார்த்திகையில மலையே இருக்காது மாப்ள. மேகம் மூடிக்கினு கெடக்கும். கோபுரமே தெரியாது. அப்பவும் தொப்பறையா நனைஞ்சிக்கினு வருவாரு. வந்து அதையேதான் சொல்லுவாரு. 'மலை தெரிஞ்சிது, உன் மூஞ்சும் தெரிஞ்சிது.' எப்படிய்யா தெரிஞ்சிதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. உயிரைக் கையில புடிச்சிக்கினுதான் வந்திருப்பாரு. என்னைப் பயப்பட வுடல." உப்புக் கையைத் திருப்பி, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "துணியைப் பாக்கவா மாப்ள நான் ஏறினேன்? அங்க போயி நின்னா அவரு இருப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணும் காணோம். அப்ப நீங்க கையை நீட்டி, அஞ்சும் கீதுன்னு சொன்னீங்க பாரு... அவரு வந்துட்டாரு." ஒரு பொய்க்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அத்தை ஒரு துண்டை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு, மறுபடி கத்தியைக் கையில் எடுத்தார். மற்ற நாலு துண்டுகளும் நாலு மரங்களில் ஏறி, வெளுத்து நைந்து போகும் வரைக்கும் கடலில் பறந்தன.

அதற்குப் பிறகும் நாங்கள் பல வருஷங்கள் மலைகளுக்குப் போனோம். நாகலாபுரத்துப் பக்கம், திருக்கழுக்குன்றம், எந்த மலையானாலும் தலையில் கூடை உண்டு, உச்சியில் யாராவது ஒருவர் மீன் கேட்பதும் உண்டு. எனக்கும் காலுக்குச் சரியான செருப்புக் கிடைத்தது. அத்தை தம் காலம் முடிந்து, கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் மாமனாருக்குப் பக்கத்தில் இருக்கிறார். நானும் என் மனைவியும் இப்போது திருவொற்றியூரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறோம். மழை விட்ட காலைகளில் மொட்டை மாடியில் போய் நின்றால் வடமேற்கில் மலை தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் பழக்கமான ஒரு பேச்சு. இப்போதெல்லாம் அந்தப் பக்கம் புகைபோக்கிகளும் புகையும்தான். மனைவிக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பயம், வெளியே சொல்ல மாட்டாள்.

இன்று காலை மழை விட்டதும் அவளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனேன். எதற்கோ பெட்டியைத் திறந்தவன் அந்தத் துண்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவள் அதை வாங்கி விரலில் நெருடிப் பார்த்தாள். அம்மா செய்த மாதிரியே மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு முகத்தை வடமேற்காகத் திருப்பிக்கொண்டு, "மலை தெரியுதா?" என்று கேட்டாள். எதிரே சாம்பல் நிறத்தில் புகை. ஒரு கொடியில் யாரோ காயப்போட்ட பனியன்கள்.

"தெரியுது" என்றேன்.

மலைமேல் நடந்ததை நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எத்தினி?" என்றாள்.

"அஞ்சு."

"அஞ்சும் கீதா?"

"அஞ்சும்" என்றேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.